சர். எம். விஸ்வேசுவரய்யா – பல வேலை, ஒரே தொழில்

டிப்ளமோ முடித்ததும் கன்சல்டன்ட் ஆபீசில் டிராயிங், எஸ்டிமேட் போடப் போவதா, மில்லிலோ ஃபேக்டரியிலோ சேருவதா என்று தினமும் பேசிக்கொள்கிறோம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். திண்டுக்கல் தோல்ஷாப்பில் கூலி வேலை பார்க்கும் எங்க அப்பாவுக்கோ, பையன் கிடைச்ச வேலையை விட்டுடக் கூடாதே என்பதுதான் கவலை. அதனால்தான் பல வேலை மாறிய ஒரு மேதையின் வரலாற்றை எழுதுகிறேன்.

நாம் பொறியாளர் தினமாகக் கொண்டாடும் செப்டம்பர் 15-ல், 1861-ஆம் ஆண்டு, மைசூர் சமஸ்தானத்து முத்தேனஹள்ளியில் பிறந்தவர் விஸ்வேசுவரய்யா. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரில் டியூஷன் எடுத்துக்கொண்டே படித்தார். புனேயில் இன்ஜினியரிங் முடித்து, 1884-ல் பம்பாய் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். நீர்மட்டம் ஏறினால் தானாகத் திறந்து, இறங்கினால் தானாக மூடும் மதகுகளை வடிவமைத்தார். 1903-ல் அவை கடக்வாஸ்லா அணையில் பொருத்தப்பட்டன.

1908-ல் அந்த வேலையை விட்டார். அதே ஆண்டு மூசி ஆற்று வெள்ளம் ஐதராபாத்தைச் சீரழித்தது. 1909-ல் அங்கே ஆலோசகராகப் போனார். நகருக்கு மேலேயே வெள்ளத்தைத் தேக்க யோசனை சொன்னார். அதன்படி உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் பின்னால் கட்டப்பட்டன.

1909-லேயே மைசூரின் தலைமைப் பொறியாளர் ஆனார். காவிரியில் கிருஷ்ணராஜசாகர் எழுந்தது. புனேயில் கண்டுபிடித்த மதகு இங்கேயும் வந்தது. 1912 முதல் 1918 வரை திவான்.

1923-ல், 62 வயதில், பத்ராவதி இரும்பாலைக்குத் தலைவரானார். அவர் திவானாக இருந்தபோது திட்டமிட்ட ஆலைதான். இரும்பு விலை விழுந்து நஷ்டத்தில் தத்தளித்தது. ஆலோசகர் ரிப்போர்ட் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். ஆனால் ஆலையை நடத்துகிறவர் தினமும் கணக்கைப் பார்த்தாக வேண்டும். 1929 வரை அங்கே நின்றார். அதற்கான ஊதியத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் தொழிற்கல்விக்குத் தந்தார். அப்படி 1943-ல் பெங்களூரில் பிறந்த நிலையம்தான் இன்று நம்முடையதைப் போல ஒரு பாலிடெக்னிக்!

1955-ல் பாரத ரத்னா பெற்றார், 1962-ல் மறைந்தார்.

நண்பர்களே, அவர் மாற்றியது நாற்காலியை மட்டும்தான், தொழிலை அல்ல. ஓரிடத்தில் கற்றதை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனார். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். முதல் வேலையில் மட்டும் அவர் 24 வருஷம் இருந்தார். எங்க அப்பா சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கத்தான் செய்கிறது!