நாய் வரியும் பத்திரிகாசிரியரும்

1848-ஆம் ஆண்டின் கண்டிக் கலகத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் வீர புரன் அப்புவிடம் மட்டும் நில்லாது, கையில் ஆயுதமே எடாத ஒரு வைத்தியரிடமும் சென்றுவிடுகிறது. கலகத்தில் சிந்திய குருதிக்கெல்லாம் காரணர் என்று அரசாங்கம் சந்தேகித்த டாக்டர் கிறிஸ்தோபர் எலியட்டே அவர். அயர்லாந்துக்காரர், அரசாங்க வைத்தியராக இலங்கைக்கு வந்தவர், 1830-களில் கொழும்பு ‘ஒப்சேவர்’ பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர். நோயாளிகளுக்கும் மருந்து கொடுத்தார், அரசாங்கத்துக்கும் கொடுத்தார். இரண்டாவது மருந்துதான் கசந்தது.

1847-இல் டொரிங்டன் பிரபு தேசாதிபதியாக வந்தார். பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரஸ்ஸல் பிரபுவின் உறவினர் என்பதே அவருடைய தகுதிகளுள் முதன்மையானதென்று நான் கருதுகிறேன். அவ்வேளை கோப்பி விலை வீழ்ந்து தோட்டத் துரைமார் தவித்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு ஆறுதலாக ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. ஆனால் திறைசேரி நிரம்ப வேண்டுமே! துப்பாக்கி வைத்திருப்பவன் இரண்டரைச் சிலிங், நாய் வளர்ப்பவன் ஒரு சிலிங், கடை நடத்துபவன் ஒரு பவுண் கட்ட வேண்டும் என்று சட்டம் பிறந்தது. தெருப் போடும் வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உடலுழைப்பு, இல்லையேல் மூன்று சிலிங். காட்டுப் பன்றியிடமிருந்து சேனைப் பயிரைக் காப்பவை அந்தத் துப்பாக்கியும் அந்த நாயுமே என்பதை எடுத்துச் சொல்லத் தேசாதிபதியின் அருகில் ஒருவரும் இல்லைப் போலும்.

ஜூலை மாதம் 3-ஆம் திகதி ‘ஒப்சேவர்’ ஒரு கடிதத்தை வெளியிட்டது. அவ்வாண்டு பிரான்சில் நிகழ்ந்த புரட்சியைச் சுட்டி, வரி கொடுக்கும் மக்களுக்கு ஆட்சியில் குரல் வேண்டும் என்று அது வாதாடியது. கீழே கையொப்பமிட்டிருந்தவர் ‘ஓர் ஆங்கிலேயர்’. எழுதியவர் எலியட்டே என்பது அரசாங்கத்தின் முடிவு; எனக்கும் அதில் ஐயமில்லை. அயர்லாந்துக்காரர் ஒருவர் ஆங்கிலேயர் வேடம் புனைந்து ஆங்கிலேய ஆட்சியைச் சாடினார்! கடிதம் சிங்களத்தில் பெயர்க்கப்பட்டுக் கிராமங்களுக்கும் சென்றது. மூன்று தினங்களில் கண்டிக் கச்சேரியின் முன்னே மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர்.

ஜூலை 26-ஆம் திகதி கொழும்பிலும் பெருங்கூட்டம் கூடிற்று. படையினர் வழிமறித்தபோது, எலியட் கூட்டத்தாரிடம் பேசி அவர்களை அமைதியாகக் கலையச் செய்தார். இதற்காக நன்றி கூறியிருக்க வேண்டிய அரசாங்கம், மக்கள் அவருடைய சொல்லுக்குக் கட்டுப்படுகின்றனர் என்பதையே சந்தேகத்துக்கு ஆதாரமாகக் கொண்டது. கூட்டம் கலையாதிருந்தாலும் பழி அவருக்கே வந்திருக்கும்!

அம்மாத இறுதியில் தம்புள்ளை விகாரையில் கொங்கலேகொட பண்டா முடி சூடினான். கலகக்காரர் மாத்தளையைத் தாக்கினர். 29-ஆம் திகதி கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. கலகமோ விரைவில் அடங்கியது. அரசாங்கப் படையில் ஒரு சிப்பாய் காயமுற்றான், அவ்வளவே. ஆயினும் இராணுவச் சட்டம் அக்டோபர் 10 வரை நீடித்தது. இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பால் பதினெட்டுப் பேர் சுடப்பட்டனர். ஆகஸ்ட் 8-ஆம் திகதி புரன் அப்பு போகம்பரையில் மாண்டார். 26-ஆம் திகதி குடாபொல தேரர் காவியுடையுடனேயே கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சியம் ஐயத்துக்குரியது, தண்டனையைத் தள்ளிவையுங்கள் என்று இராணியின் வழக்கறிஞர் செல்பி வேண்டினார், தேசாதிபதி செவிசாய்க்கவில்லை. குடியியல் நீதிமன்றம் தன் கடமையைச் செய்ய ஆயத்தமாயிருந்த நகரில் இது நடந்தது. அந்நீதிமன்றத்தில் பிரதம நீதியரசர் ஒலிபன்டின் முன் மரண தண்டனை பெற்ற பதினேழு பேரும் அவருடைய கருணைப் பரிந்துரையால் உயிர் தப்பினர். ஒரே நகரம், ஒரே குற்றச்சாட்டு. எந்த வாசல் வழியே இழுத்துச் செல்லப்பட்டான் என்பதைப் பொறுத்து மனிதனின் உயிர் இருந்தது.

லண்டனுக்கு எழுதிய அறிக்கைகளில் தேசாதிபதி பத்திரிகையையும் அதன் ஆசிரியரையும் சாடினார். ஆயினும் எலியட் மீது வழக்குத் தொடுக்கப்படவில்லை. வழக்கென்று வந்தால் நாய் வரியின் கதையும் தேரரின் கதையும் மன்றில் ஏறியிருக்குமல்லவா? எலியட் வாளாவிருக்கவில்லை. இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்தவற்றை அவர் பத்திரிகை எழுதிக்கொண்டேயிருந்தது. பாராளுமன்றத்தில் பெய்லியும் ஜோசப் ஹியூமும் பிரச்சினையைக் கிளப்பினர். 1849-இல் விசாரணைக் குழு அமைந்தது. விசாரணை நீள நீளத் தேசாதிபதிக்கும் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்டுக்கும் இடையே இருந்த மனக்கசப்பு அம்பலமாயிற்று. 1850-இல் டொரிங்டன் இலங்கையை விட்டு அகன்றார். தேரரைச் சுட்டதற்காக ஒருவரும் தண்டனை பெறவில்லை. துப்பாக்கி, நாய், கடை வரிகள் கைவிடப்பட்டன. தெரு வேலைச் சட்டம் மட்டும் நிலைத்தது.

எலியட்டின் கதையில் இன்னுமொரு விந்தை உண்டு. 1858-இல் குடியியல் வைத்தியத் திணைக்களம் தோன்றியபோது, அதன் முதல் தலைவராக அரசாங்கம் தேர்ந்தெடுத்தது அவரையே! மறு ஆண்டிலேயே அவர் காலமானார். பத்திரிகை அவருடைய துணையாசிரியர் பெர்குசன் கைக்குச் சென்றது.