பேருந்துகள் கைமாறின, பெயர் நின்றது
டி.வி. சுந்தரம் ஐயங்கார் (1877–1955)

தேனியிலிருந்து தென்மேற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்களை வரிசையாகக் கோத்துக்கொண்டு குமுளி மலையடிவாரம் வரை நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ஆம் ஆண்டு பென்னிகுயிக் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் நீர் இப்பள்ளத்தாக்கை வளமாக்கிற்று. விளைச்சல் பெருகியது; ஆனால் விளைந்ததை வெளியே கொண்டு செல்லும் வழி எளிதாக இல்லை. 1928-இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இருப்புப்பாதை வந்தபோதும், கம்பமும் உத்தமபாளையமும் அதன் பயனை நேரே பெறவில்லை. அவ்வூர்களுக்கு இன்றளவும் சாலை ஒன்றே வழி. மாட்டு வண்டியில் இரவு முழுவதும் பயணம் செய்து சந்தையை அடைந்த உழவனுக்கும், மருத்துவமனையை நாடி மதுரைக்குச் சென்ற நோயாளிக்கும், வழக்குமன்றத்தில் குறித்த வேளையில் நிற்க வேண்டியவனுக்கும் மோட்டார்ப் பேருந்து எத்தகைய மாற்றத்தைத் தந்திருக்கும் என்பதை இக்காலத்தவர் எண்ணிப் பார்ப்பது அரிது.

1996-இல் தேனி தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தின் மேற்கு எல்லையாகவே இருந்தது. அந்த மதுரையை நடுவமாகக் கொண்டு பேருந்துத் தொழிலை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்து இன்று தமிழகத்தின் சிற்றூர்ப் பிள்ளைகளும் அறிந்த பெயர். அப்பெயர் எவ்வாறு மதிப்புப் பெற்றது என்பதே அவர் வாழ்க்கை நமக்குச் சொல்லும் செய்தி.

பிறப்பும் பணிகளும்

திருநெல்வேலிச் சீமையில், நம்பி கோயிலால் புகழ்பெற்ற திருக்குறுங்குடியில் 1877-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையின் விருப்பத்திற்கு இணங்கி முதலில் வழக்குரைஞர் தொழிலில் ஈடுபட்டார். பின்னர் இரயில்வேயிலும் அதன்பின் வங்கியிலும் பணியாற்றினார். அக்காலத்தில் இவை யாவும் மதிப்பும் பாதுகாப்பும் மிக்க வேலைகள். திங்கள் தோறும் தவறாது வரும் ஊதியத்தை விட்டுவிட்டு, மக்கள் இன்னும் நம்பத் தொடங்காத ஒரு தொழிலில் இறங்குவதைக் குடும்பத்தலைவர் எவரும் எளிதில் ஏற்றுக்கொள்ள மாட்டார். எனினும் அவர் அப்பணிகளை விட்டு விலகினார். 1911-ஆம் ஆண்டு, தம் 34-ஆம் வயதில், தம் பெயரிலேயே நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் மதுரையில் பேருந்து ஓடலாயிற்று.

தம் பெயரையே நிறுவனத்தின் பெயராகச் சூட்டியதில் ஒரு பொறுப்பு அடங்கியிருந்தது. வண்டியின் நெற்றியில் எழுதப்பட்டது ஒரு குடும்பத்தலைவரின் பெயர். அந்த வண்டி வழியில் நின்றாலும், நடத்துநர் முறைகேடாகக் கட்டணம் வாங்கினாலும், பழி நேரே அப்பெயரைச் சென்றடையும். வணிகத்தில் தம் பெயரை வைப்பது பெருமைக்குரியது. அப்பெயரை நாள்தோறும் காப்பாற்றுவதோ கடுமையான நோன்பு.

நேரம் என்னும் வாக்குறுதி

மோட்டார்ப் பேருந்தின் தொடக்கக் காலத்தில் வண்டி எப்போது புறப்படும் என்பதற்கு விடை இல்லை. இருக்கைகள் நிரம்பினால் புறப்படும்; நிரம்பாவிட்டால் காத்து நிற்கும். ஏறி அமர்ந்தவரின் நேரத்திற்கு எவரும் விலை வைக்கவில்லை. சுந்தரம் ஐயங்காரின் பேருந்துகளோ குறித்த வேளையில் புறப்பட்டன. ஆள் குறைவாக இருப்பினும் நேரம் தவறுவதில்லை என்பதே அவற்றின் அடையாளம் ஆயிற்று. டி.வி.எஸ். பேருந்து கடந்து செல்வதைக் கண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மக்கள் சொல்லும் அளவிற்கு அந்த ஒழுங்கு வேரூன்றியது. மதுரை வட்டாரத்து முதியோர் இன்றும் அதை நினைவுகூர்வர்.

பாதி இருக்கைகளோடு புறப்படும் வண்டியால் அன்றைக்கு இழப்பே நேரும். ஆயினும் அடுத்த நாள் பயணம் செய்பவர் அந்த வண்டியை நம்பித் தம் வேலையைத் திட்டமிடுவார். அதன்பின் வேறு வண்டி அருகில் நின்றாலும் அவர் ஏறமாட்டார். இன்று பெருநிறுவனங்கள் விளம்பரத்திற்குப் பெரும்பொருள் செலவிட்டு நாடும் நற்பெயரை, அவர் விளம்பரத்தை நம்பாமல் ஒவ்வொரு நாளும் நேரத்தைக் காத்து ஈட்டினார்.

நேரம் காப்பது ஓட்டுநரின் கையில் மட்டும் இல்லை. வண்டி இரவில் பணிமனைக்கு வந்ததும் பொறி, தடுப்பு, உருளை ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். தேய்ந்த உறுப்பு உடையும் முன்பே மாற்றப்பட வேண்டும். அதற்கு உதிரி உறுப்புகள் கையிருப்பில் இருத்தல் வேண்டும். தொழில் தெரிந்தவர்களும் வேண்டும். அந்நாளில் சாலைகளில் மாட்டு லாடங்களிலிருந்து கழன்று விழும் ஆணிகள் பேருந்துச் சக்கரங்களுக்குப் பெரும் பகையாக இருந்தன. காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி அந்த ஆணிகளைப் பொறுக்கியெடுக்க அவர் ஏற்பாடு செய்தார் என்று சொல்லப்படுகிறது. பயணியின் கண்ணுக்குப் படாத இத்தகைய உழைப்பே கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கைத் தாங்கி நின்றது.

விற்ற பின்னும் விலகாத உறவு

பேருந்துத் தொழில், சதர்ன் ரோட்வேஸ் என்னும் பெயரில் லாரிப் போக்குவரத்தோடு இணைந்து வளர்ந்தது. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் முதலிய நிறுவனங்கள் தோன்றின. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளையும் உறுப்புகளையும் விற்பனை செய்யும் பொறுப்பு அவர்களிடம் வந்தது. தேய்ந்த டயர்களுக்கு மேல் புதிய இரப்பர் பதித்து மீண்டும் பயன்படுத்தச் செய்யும் தொழிலும் தொடங்கப்பட்டது.

வண்டி விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே அறிவில் பெரும் ஏற்றத்தாழ்வு உண்டு. பொறியின் உள்ளே எந்த உறுப்பு தேய்ந்தது, எது மாற்றப்பட்டது, மாற்றியது நல்லதா போலியா என்பவற்றை வாங்குபவர் அறியார். ஏமாற்ற விரும்புபவருக்கு இதைவிட எளிய களம் வேறில்லை. தாமே பேருந்து நடத்தியமையால் பழுதுபட்ட வண்டி உரிமையாளருக்கு எத்தகைய இழப்பைத் தரும் என்பதைச் சுந்தரம் ஐயங்கார் தம் பட்டறிவால் அறிந்திருந்தார். ஆகவே விற்பனையும் பழுதுபார்ப்பும் உதிரி உறுப்பும் ஒரே குடையின்கீழ் அமைந்தன. வண்டியை விற்றவரே அதன் பின்வாழ்வுக்கும் பொறுப்பேற்கும் முறை அது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் செய்யாத நடுவுநிலையாளர் என்று பட்டினப்பாலை போற்றும். அந்தப் பழைய அறம் இரும்பும் எண்ணெயும் கலந்த இருபதாம் நூற்றாண்டுத் தொழிலுக்கும் பொருந்தும் என்பதற்கு இவ்வாழ்க்கை சான்றாகும்.

போர்க்காலச் சோதனை

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பேருந்துகளை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது ஒரு வழி. கள்ளச்சந்தையை நாடுவது மற்றொரு வழி. சுந்தரம் ஐயங்கார் மூன்றாம் வழியைக் கண்டார். கரியை எரித்து வாயு உண்டாக்கி வண்டியை ஓட்டும் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் அவருடைய முயற்சியால் உருவாயிற்று. உயரமான கலத்தில் அடுப்புக்கரியை இட்டு, குறைந்த காற்றில் எரியச் செய்தால் எரியக்கூடிய வாயு கிடைக்கும். அதைக் குளிர்வித்து, தூசு நீக்கி, பொறிக்குள் செலுத்துவர். பெட்ரோலின் வலிமை இதற்கு இல்லை. மேட்டில் ஏறுகையில் வண்டி தளரும். நாள்தோறும் சாம்பலை அகற்ற வேண்டும். ஆயினும் வண்டி ஓடியது. இருப்புப்பாதை இல்லாத ஊர்களில் பேருந்து ஓடுவதற்கும் ஓடாமைக்கும் இடையே இருந்த வேறுபாடு, மருத்துவமும் கல்வியும் வணிகமும் கிட்டுவதற்கும் கிட்டாமைக்கும் இடையே உள்ள வேறுபாடாகும்.

தொழிலாளரும் குடும்பமும்

ஒரு நிறுவனத்தின் நற்பெயரைப் பயணியிடம் கொண்டு சேர்ப்பவர் உரிமையாளர் அல்லர். ஓட்டுநரும் நடத்துநரும் பணிமனைத் தொழிலாளருமே ஆவர். பத்தாண்டு பழகிய கைக்குப் பொறியின் ஓசையிலேயே குறை தெரியும். அத்தகையவர் ஒருவர் விலகிச் சென்றால் அவருடைய கூலியைவிடப் பன்மடங்கு மதிப்புள்ள அறிவும் உடன் செல்கிறது. இவ்வுண்மையை உணர்ந்த நிறுவனமாக டி.வி.எஸ். விளங்கிற்று. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருப்பது வழக்கமாயிற்று. தந்தைக்குப் பின் மகனும் அதே பணிமனையில் சேர்ந்த குடும்பங்கள் மதுரையில் பல. அரசுப் பணிக்கு நிகரான மதிப்பு அவ்வேலைக்கு இருந்தது. மதுரையில் டி.வி.எஸ். நகர் என்னும் குடியிருப்பும், அவருடைய துணைவியார் இலட்சுமி அம்மையாரின் பெயர் தாங்கிய பள்ளியும் அம்மரபின் தொடர்ச்சியாக இன்றும் உள்ளன.

அவருக்கு ஐந்து ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் பிறந்தனர். இராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகிய மைந்தர்கள் தொழிலை ஏற்று விரிவாக்கினர். இளமையிலேயே கணவரை இழந்த மகள் சௌந்தரத்தை மருத்துவம் பயிலச் செய்தார். கைம்பெண்களை இருட்டறையில் ஒதுக்கிய காலத்தில் அது துணிவு மிக்க செயல். அந்த மகளே பின்னர் டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன் என்று நாடறிய விளங்கி, 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கி ஏழை எளியோர்க்குத் தொண்டாற்றினார். தந்தை ஈட்டிய பொருள் மகளின் தொண்டாக மலர்ந்தது எனலாம்.

மறைவும் அதன் பின்னும்

1954-இல் மைந்தர் சந்தானம், பேருந்தும் லாரியும் வாங்குவோர்க்குக் கடனுதவி செய்யும் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 28-ஆம் நாள், கொடைக்கானலில் சுந்தரம் ஐயங்கார் தம் 78-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அவருடைய பணிக்கு உண்மையான சோதனை அவர் மறைந்து 17 ஆண்டுகள் கழித்து வந்தது. 1972-இல் தமிழக அரசு பேருந்துகளை நாட்டுடைமை ஆக்கியது. டி.வி.எஸ். பேருந்துகளைக் கொண்டு மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. எந்தத் தொழிலால் அப்பெயர் புகழ் பெற்றதோ, அந்தத் தொழிலே கையைவிட்டுப் போயிற்று. பெயரின் மதிப்பு வண்டிகளில் மட்டும் இருந்திருந்தால் அன்றோடு அது மறைந்திருக்கும்.

அவ்வாறு நிகழவில்லை. பேருந்தையும் பணிமனையையும் வழித்தடத்தையும் கணக்கிட்டுக் கைமாற்றலாம். அறுபது ஆண்டுகளாக மக்கள் மனத்தில் சேர்ந்த நம்பிக்கையையும், தொழிலாளர் கைகளில் ஊறிய பயிற்சியையும் அவ்வாறு கைமாற்ற இயலாது. அவற்றை முதலாகக் கொண்டு அவருடைய வழிவந்தோர் வண்டி உறுப்புகள் செய்யும் ஆலைகளில் முன்னேறினர். 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டியை அறியாத சிற்றூர் தமிழகத்தில் இல்லை. தரத்திற்காக ஜப்பான் நாட்டவர் வழங்கும் டெமிங் பரிசை 1998-இல் இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது அக்குழுவைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனமே. கம்பம் பள்ளத்தாக்கில் வாழைத்தாரையும் பால் கேனையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் செல்லும் உழவனின் வண்டியில் அந்த மூன்றெழுத்து இன்றும் காணப்படுகிறது.

கடை நடத்துவோரும், சிறுதொழில் புரிவோரும், இனி தொழில் தொடங்க எண்ணும் இளைஞரும் இவ்வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. சொன்ன வேளையில் சொன்னதைத் தருதல், விற்ற பொருளுக்குப் பின்னும் பொறுப்பேற்றல், உடன் உழைப்பவரின் குடும்பத்தையும் எண்ணிப் பார்த்தல் ஆகிய மூன்றிற்கும் பெருமுதல் தேவையில்லை. ஆனால் ஒரு நாளும் தவறாமல் பல்லாண்டுகள் கடைப்பிடிக்க வேண்டும். அவ்வாறு கடைப்பிடித்தவரின் பெயர் அவர் தொடங்கிய தொழிலைக் கடந்தும் வாழும்.