ஊருக்கு மகாகவி, வீட்டில் உலைக்கு அரிசி இல்லை!
பாரதியார் மனைவி செல்லம்மா பட்ட பாடு

மீஞ்சூர், செப்.11-

பழவேற்காடு ஏரிக்கரை குப்பங்களில் புயல் அடித்தால் ஆம்பளைகள் படகு எடுக்க முடியாது. உலையில் என்ன போடுவது என்ற கவலை பொம்பளைக்குத்தான்.

அந்தக் கவலையிலேயே குடும்பம் நடத்தியவர் மகாகவி பாரதியாரின் மனைவி செல்லம்மா.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

7 வயது மணப்பெண்

1882-ல் எட்டயபுரத்தில் பிறந்தவர் பாரதியார். 1897-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தபோது வயசு 14. கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாவுக்கு 7.

மறு வருஷம் பாரதியாரின் அப்பா காலமானார். பாரதியார் படிக்க காசிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து இங்கிலீஷ் கவிஞர் ஷெல்லி மீது மோகம் கொண்டு ஷெல்லிதாசன் என்று பேர் வைத்துக் கொண்டார். அந்த ஷெல்லியோ முதல் மனைவியைக் கைவிட்டவர். பாரதியார் கைவிடவில்லை. ஆனால் கஷ்டம் விடவில்லை.

நிவேதிதா கேட்ட கேள்வி

காங்கிரஸ் மாநாட்டுக்காக வடக்கே போன இடத்தில் சகோதரி நிவேதிதாவைச் சந்தித்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அந்த அம்மா கேட்டது பாரதியாரைச் சுட்டது. அதுமுதல் பெண் விடுதலை பேசினார், அவரையே குருவாகவும் கொண்டார்.

குருவிக்குப் போன அரிசி

1908-ல் போலீஸ் கெடுபிடிக்குத் தப்பி பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போனார். செல்லம்மாவும் அங்கே போய்ச் சேர்ந்தார். 1910-ல் 'இந்தியா' பத்திரிகை நின்றது. வருமானமும் நின்றது.

சமைக்கக் கடன் வாங்கி வைத்த அரிசியை முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்துவிட்டு பாரதியார் குஷியாகப் பாடினாராம். அடுப்படியில் நின்ற செல்லம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

அக்கிரகாரத்தில் கேலி

1918-ல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதானார். விடுதலையாகி மாமனார் ஊரான கடையத்துக்குப் போனார். மனைவியின் தோளில் கை போட்டு அக்கிரகாரத் தெருவில் நடந்தார். ஊரே கேலி பேசியது. அந்தப் பேச்சையும் தாங்கியது செல்லம்மாதான்.

38 வயதில் மரணம்

பிறகு சென்னைக்கு வந்து 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் வேலை பார்த்தார். 1921-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் யானை அவரைத் தள்ளிவிட்டது. அதில் பிழைத்தாலும் வயிற்றுக்கடுப்பு விடவில்லை. செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. சுடுகாட்டுக்குப் போனது ஒரு சின்னக் கூட்டம்தான்.

2 பெண் பிள்ளைகளோடு நின்ற செல்லம்மா மூலையில் உட்காரவில்லை. மறு வருஷமே கணவரின் பாடல்களைப் புத்தகமாக வெளியிட்டார். பின்னாளில் பணமுடையால் உரிமையை விற்க நேர்ந்தது. 1949-ல் அன்றைய சென்னை மாகாண அரசு பாடல்களைப் பொதுச்சொத்தாக்கியது. 1955-ல் செல்லம்மா காலமானார்.

இன்றைக்கு மீஞ்சூரிலும் பழவேற்காட்டிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாரதி பாட்டைப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டு வீட்டுக்குள்ளேயே மக்கிப் போகாமல் காப்பாற்றியதில் செல்லம்மாவுக்கும் பங்கு உண்டு.