சான்று தர ஆளில்லாத நாட்டில் விமானம் கட்டியவர்: வெஜிஹி ஹுர்குஷ்

1939ஆம் ஆண்டு. ஜெர்மனியின் வைமர் நகரில் விமானப் பொறியியல் படித்து முடித்த ஒருவர், பட்டத்துடன் தாயகமான துருக்கிக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 43. அவர் இரண்டு போர்களில் விமானம் ஓட்டியவர். தாமே விமானம் வடிவமைத்து, கட்டி, ஏறிப் பறந்தவர். பள்ளி நடத்திப் பலருக்குப் பறக்கக் கற்றுக் கொடுத்தவர். ஆனாலும் பொதுப்பணி அமைச்சகம் அவருடைய பட்டத்தை ஏற்க மறுத்துவிட்டது. இரண்டே ஆண்டில் ஒருவர் பொறியாளர் ஆகிவிட முடியாது என்பது அதிகாரிகள் சொன்ன காரணம்.

அவர் பெயர் வெஜிஹி ஹுர்குஷ். விமானத்துறையில் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளும், அவர்களைப் படிக்க வைக்க விரும்பும் பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

போர்க்களத்திலிருந்து வானத்துக்கு

உஸ்மானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்புல்லில் 1896ஆம் ஆண்டு வெஜிஹி பிறந்தார். மூன்று வயதிலேயே தந்தையை இழந்தார். தொழிற்பள்ளியில் படித்தார்; கைவேலையில் இயல்பாகவே நாட்டம் இருந்தது. முதல் உலகப்போரில் பக்தாத் போர்முனைக்கு விமான மெக்கானிக்காக அனுப்பப்பட்டார். அங்கு விமான விபத்தில் காயமடைந்து இஸ்தான்புல் திரும்பியவர், யெஷில்கோய் விமானப் பள்ளியில் சேர்ந்து விமானியானார்.

1917இல் காக்கேசியப் போர்முனையில் ரஷ்ய விமானம் ஒன்றை வீழ்த்தினார். எதிரி விமானத்தை வீழ்த்திய முதல் துருக்கிய விமானி இவர்தான் என்று சொல்லப்படுகிறது. அதே ஆண்டு அவருடைய விமானமும் சுடப்பட்டது. காயத்துடன் தரையிறங்கிய அவர், விமானம் எதிரி கையில் சிக்கக்கூடாது என்று அதற்குத் தீ வைத்துவிட்டுக் கைதானார். காஸ்பியன் கடலில் பாகூவுக்கு அருகே உள்ள நார்கின் தீவில் அடைக்கப்பட்டார். அஸர்பைஜான் மக்களின் உதவியுடன் அங்கிருந்து நீந்தித் தப்பி, ஈரான் வழியாக ஊர் வந்து சேர்ந்தார். பின்னர் துருக்கியின் விடுதலைப் போரிலும் விமானம் ஓட்டி, நாட்டின் உயர்ந்த பதக்கத்தைப் பெற்றார்.

15 நிமிடப் பறத்தலும் தண்டனையும்

போர் முடிந்தபோது கிரேக்கப் படையிடமிருந்து கைப்பற்றிய எஞ்சின்களும் உதிரிப் பாகங்களும் இஸ்மிரில் கிடந்தன. அவற்றைக் கொண்டு தாமே வடிவமைத்த விமானம் ஒன்றை 1924இல் கட்டி முடித்தார். 'வெஜிஹி கே-6' என்பது அதன் பெயர். துருக்கியர் ஒருவர் வடிவமைத்துக் கட்டிய முதல் விமானமாக அது மதிக்கப்படுகிறது.

பறக்கும் தகுதிச் சான்று கேட்டு விண்ணப்பித்தார். ஆய்வுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆனால் அந்த விமானத்தைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்லும் அறிவு அந்தக் குழுவில் எவருக்கும் இல்லை. காத்திருந்து பொறுமை இழந்த வெஜிஹி, 1925 ஜனவரி 28 அன்று அனுமதியில்லாமலே விமானத்தை எடுத்துப் பறந்தார். சுமார் 15 நிமிடம் பறந்து நலமாகத் தரையிறங்கினார். பாராட்டை எதிர்பார்த்தவருக்குத் தண்டனை கிடைத்தது. மனம் நொந்து விமானப்படையிலிருந்து விலகினார்.

இங்கே இரு தரப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சோதிக்கப்படாத விமானம் தன்னைக் கட்டியவரை மட்டுமல்ல, கீழே நிற்பவர்களையும் கொல்லக்கூடியது. எனவே சான்று கேட்டது தவறல்ல. அந்தச் சான்றைத் தரத் தகுதியுள்ள ஒருவரைக்கூட உருவாக்காமல் இருந்ததுதான் குறை. அந்தக் குறைக்கான விலையை, குறையைச் சுட்டிக்காட்டிய மனிதரே கொடுக்க நேர்ந்தது.

பறப்பது வேறு, அளப்பது வேறு

ஒரு விமானம் பறந்துவிட்டது என்பதற்கும், அது பறக்கத் தகுதியானது என்பதற்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை நிரப்பும் படிப்பைத்தான் இன்று பல்கலைக்கழகங்களில் விமானச் செயல்திறன், விமான இயக்கம் என்ற பெயர்களில் கற்பிக்கிறார்கள். எவ்வளவு எடையுடன் இந்த விமானம் எழும்பும்? அதற்கு எத்தனை மீட்டர் ஓடுபாதை வேண்டும்? எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கைகள் தாங்கும் சக்தியை இழக்கும்? எடையின் மையம் எவ்வளவு முன்னே பின்னே நகரலாம்? எஞ்சின் நின்றுவிட்டால் எவ்வளவு தூரம் மிதந்து செல்லும்? கையிருப்பு எரிபொருள் எதுவரை கொண்டு சேர்க்கும்? ஒவ்வொன்றுக்கும் எண்ணில் பதில் வேண்டும்.

இந்த எண்கள் இடத்துக்கு இடம் மாறும். இஸ்தான்புல் கடற்கரை நகரம். அங்காரா ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீடபூமி. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். வெயில் கூடினாலும் குறையும். காற்று மெலிந்தால் எஞ்சினின் வலுவும் இறக்கையின் தூக்குவிசையும் சேர்ந்தே குறையும். கடற்கரையில் எளிதாக எழும்பும் விமானத்துக்கு அதே சுமையுடன் அங்காராவில் இன்னும் நீளமான ஓட்டம் தேவைப்படும். நல்ல விமானி இதை உடலால் உணர்வார். ஆனால் அவருடைய உணர்வை நம்பி இன்னொருவர் தம் குடும்பத்தை விமானத்தில் ஏற்ற முடியாது. அளந்து எழுதிய கணக்கு வேண்டும்; அதைச் சரிபார்க்க இன்னொரு அறிவாளி வேண்டும்.

ரயிலில் போன விமானம்

1930இல் இஸ்தான்புல்லின் காதிகோய் பகுதியில் மரக்கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து, மூன்றே மாதத்தில் 'வெஜிஹி 14' என்ற விமானத்தைக் கட்டினார். செப்டம்பர் 27 அன்று மக்கள் பார்க்க அதில் பறந்தார். பிறகு அங்காராவுக்கே ஓட்டிச் சென்று சான்று கேட்டார். விமானத்தின் தொழில்நுட்பத் தன்மைகளைக் கண்டறிய ஆளில்லாததால் சான்று தர இயலாது என்று பதில் வந்தது. ஐந்தாண்டுக்கு முன் வந்த அதே பதில்தான்.

இந்த முறை அவர் கோபப்படவில்லை. விமானத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி ரயிலில் ஏற்றிச் செக்கோஸ்லோவாக்கியாவுக்குக் கொண்டு சென்றார். அங்குள்ள வல்லுநர்கள் அதைச் சோதித்தார்கள். 1931 ஏப்ரல் 23 அன்று சான்று கிடைத்தது. ரயிலில் போன விமானம் வானில் பறந்து தாயகம் திரும்பியது. அந்நிய நாட்டில் சில மாதங்களில் கிடைத்த ஒன்று, சொந்த நாட்டில் ஆண்டுக்கணக்கில் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1932இல், இஸ்தான்புல்லில் விமானப் பள்ளி தொடங்கினார். துருக்கியின் முதல் சிவில் விமானப் பள்ளி அது. பெண்களும் அங்கு படித்தார்கள். நாட்டின் முதல் பெண் விமானிகளில் ஒருவரான பெத்ரியே கோக்மென் அங்குதான் பயின்றார். பணமில்லாமல் சில ஆண்டுகளில் பள்ளியை மூட வேண்டியதாயிற்று.

41 வயதில் மாணவர்

1937இல் வெஜிஹி வைமருக்குச் சென்றார். தாம் கட்டிய விமானங்கள் பறந்திருக்கின்றன, தமக்கு என்ன பாடம் வேண்டும் என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் கைக்குத் தெரிந்ததைக் கணக்காலும் அறிய வேண்டும் என்று, 41 வயதில் மாணவராக உட்கார்ந்தார். 1939 பிப்ரவரியில் பட்டம் பெற்றார்.

அந்தப் பட்டத்தைத்தான் அமைச்சகம் மறுத்தது. அவர் அரசின் உயர் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். பொறியாளர் உரிமம் கையில் வந்தது. ஆனால் அவர் சார்ந்திருந்த விமான அமைப்பு, நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள வான் நகருக்கு அவரை மாற்றியது. ஊரின் பெயர் மட்டும்தான் நம் மொழியில் வானத்தை நினைவூட்டுகிறது. அவருடைய விமானக் கனவுக்கு அங்கே இடமில்லை. பதவியை விட்டு விலகினார்.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. விமானத்துறைக்கென இதழ் நடத்தினார். வயல்களுக்கு வானிலிருந்து மருந்து தெளிக்கும் நிறுவனம் தொடங்கினார். 1954இல், அரசு விமான நிறுவனம் கழித்துவிட்ட விமானங்களை வாங்கி, 'ஹுர்குஷ் ஹவாயோல்லரி' என்ற தனியார் விமான நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவும் நிலைக்கவில்லை. கடன் மிஞ்சியது. நாட்டுக்குச் செய்த சேவைக்காக வழங்கப்பட்ட உதவித்தொகைகூடக் கடனுக்காகப் பறிமுதலானது. 1969 ஜூலை 16 அன்று அங்காராவில் வஃபாத்தானார். மனிதனை நிலவில் இறக்கிய அப்பல்லோ 11 புறப்பட்டதும் அதே நாளில்தான்.

நமக்கான பாடம்

இன்று துருக்கி தயாரிக்கும் பயிற்சி விமானத்தின் பெயர் 'ஹுர்குஷ்'. 2013இல் முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்துக்கு 2016இல் தகுதிச் சான்று கிடைத்தது. வெஜிஹி வாழ்நாளெல்லாம் தம் நாட்டிடம் கேட்டு நின்ற அந்தக் காகிதம், அவர் பெயர் தாங்கிய விமானத்துக்குக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் நாடு பொறியாளர்களை உருவாக்கியிருந்தது, சோதிப்பவர்களையும் உருவாக்கியிருந்தது.

விமானத்துறை என்றதும் நம் பிள்ளைகள் விமானி இருக்கையை மட்டுமே கனவு காண்கிறார்கள். அந்தக் கனவு நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு விமானமும் எழும்புவதற்கு முன், எடையையும் எரிபொருளையும் ஓடுபாதையையும் கணக்கிட்டு, போகலாம் என்றோ கூடாது என்றோ சொல்லும் மனிதர்கள் தரையில் இருக்கிறார்கள். யாருக்கும் முகம் தெரியாத அவர்களுடைய கணக்கில்தான் பயணிகளின் உயிர் இருக்கிறது. ஒரு சமூகத்தில் துணிந்து பறப்பவர் ஒருவர் தோன்றிவிடலாம். அவரை அளந்து, தகுதியறிந்து, உரிய இடத்தில் வைக்கத் தெரிந்தவர்களும் அதே சமூகத்தில் இருக்க வேண்டும். அவர்கள் இல்லாத ஊரில் வெஜிஹி போன்றவர்கள் தங்கள் விமானத்தைக் கழற்றி ரயிலில் ஏற்ற வேண்டியதுதான்.