பக்கவாத்திய பிடிலை நடு மேடையில் வைத்தவர்! குன்னக்குடி வைத்தியநாதன் கதை

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் பிடில் என்றால் பக்கவாத்தியம். பாடகர் பாடுவார், பிடில்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பின்தொடர்வார். நிறைய பேருக்கு ஆயுசு முழுக்க அந்த இடம்தான். "எனக்கு நடு மேடைதான்" என்று துணிந்து இறங்கி, சங்கீதம் தெரியாத ஜனங்களையும் கேட்க வைத்தவர் குன்னக்குடி வைத்தியநாதன்.

12 வயதில் மேடை

காரைக்குடி பக்கத்தில் முருகன் கோவில் கொண்ட ஊர் குன்னக்குடி. அங்கே 1935-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி பிறந்தார். அப்பா ராமசாமி சாஸ்திரி, தமிழும் வடமொழியும் கற்ற பண்டிதர். அவர்தான் குரு. 12 வயதிலேயே பையன் மேடை ஏறிவிட்டான்.

அரியக்குடி, செம்மங்குடி போன்ற ஜாம்பவான்களுக்குப் பக்கம் வாசித்தார். நாதஸ்வர சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளையுடனும் வாசித்தார்.

சினிமாவிலும் வெற்றி

சினிமா அழைத்தது. 1969-ல் ஏ.பி.நாகராஜனின் "வா ராஜா வா" படத்துக்கு இசை அமைத்தார். 1972-ல் "தெய்வம்" படம். அதில் மதுரை சோமு பாடிய மருதமலை முருகன் பாட்டு பட்டிதொட்டி எல்லாம் பரவியது. 1973-ல் வந்த "ராஜராஜ சோழன்", தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அதற்கும் இவர்தான் இசை.

1976-ல் எடுத்த முடிவு

1976-ல் இனிமேல் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதில்லை என்று முடிவு கட்டினார். லேசான காரியமா அது? பக்கம் வாசித்தால் பாடகர் பெயருக்குக் கூட்டம் வரும். தனியாக வாசித்தால் தன் பெயருக்கே டிக்கெட் விற்க வேண்டும்.

ஜோடிக்கு அவர் பிடித்தது தவுல்! கல்யாணத்திலும் கோவிலிலும் நாதஸ்வரத்தோடு முழங்கும் வாத்தியம். வலையப்பட்டி சுப்பிரமணியம் தவுல், இவர் பிடில். இருவரும் ஊர் ஊராக வாசித்தார்கள். கூட்டம் அலைமோதியது.

நெற்றி நிறைய விபூதி, பெரிய குங்குமப் பொட்டு, பளபளக்கும் சட்டை. புருவத்தாலேயே ஜனங்களோடு பேசுவார். கீர்த்தனை வாசிப்பார், கூடவே சினிமாப் பாட்டும் வரும். பிடிலிலேயே ரயில் ஓடும், பறவை கத்தும். விசில் பறக்கும்!

புகாரும் விருதும்

சபாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சாஸ்திரீய சங்கீதத்தை வேடிக்கை ஆக்குகிறார் என்று புகார் கிளம்பியது. அவர் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் சம்பிரதாயத்தையும் விடவில்லை. திருவையாறு தியாகராஜர் ஆராதனையை நடத்தும் சபாவுக்குப் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தார். 1993-ல் மத்திய சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. 2005-ல் பத்மஸ்ரீ.

2008-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 73. சபா வாசலையே மிதிக்காத எத்தனையோ பேருக்குப் பிடில் என்றதும் ஞாபகம் வந்த முகம் அவருடையதுதான்.