காளானும் கற்றோரும்

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப்பொழுது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாழையிலைத் துண்டொன்றிலே மூன்று காளான்களை வைத்து ஏந்திக்கொண்டு என் மேசையருகே வந்து நின்றாள். இவை மூன்றும் ஓரினமா, வேறுவேறு இனங்களா என்பது அவள் வினா. நான் நிகண்டு கற்றவன். ஆம்பி, காளாம்பி எனப் பெயர்களை அடுக்கினேன். சமைத்தலை மறந்த அடுப்பிலே ஆம்பி பூத்ததாகப் புறநானூறு கூறுவதையும், வறியவன் வீட்டு அடுக்களையிலே காளாம்பி முளைத்ததாகச் சிறுபாணாற்றுப்படை கூறுவதையும் எடுத்துரைத்தேன். அவள் பணிவோடு கேட்டு நின்றாள். எனினும் அவள் வினாவுக்கு அஃது விடையன்று. அம்மூன்றையும் நான் உற்றுநோக்கவே இல்லை. மணி அடித்தது; அவற்றை வெளியே எறிந்துவிட்டு வருமாறு பணித்தேன். அவள் கக்கத்திலே ஒரு கொப்பி இருந்தது. அதனையும் திறந்து பார்த்தேனல்லேன்.

இச்சிறு நிகழ்ச்சி என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது, சில திங்கள் கழித்துப் பியற்றிக்ஸ் பொட்டர் அம்மையாரின் வரலாற்றைப் படித்தபோதுதான். நீலச் சட்டை அணிந்த பீற்றர் என்னும் முயற்குட்டியின் கதையை எழுதியவர் என்று அவரை உலகம் அறியும். நம் பாடசாலைச் சிறுவர்கள் பலரும் அம்முயலை அறிவர். ஆனால் முயலுக்கு முன்னே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது காளான் என்பதனை அறிந்தார் சிலரே.

அம்மையார் 1866 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆந் திகதி லண்டன் மாநகரின் தென் கென்சிங்ரன் பகுதியிலே பிறந்தார். தந்தையார் ரூபேட் பொட்டர் சட்டம் பயின்றவர். குடும்பத்துச் செல்வம் லங்காஷயர்ப் பருத்தித் தொழிலால் வந்தது. அக்காலத்து உயர்குடி வழக்கப்படி ஆண்மகவாகிய தம்பி பேற்றம் வெளியூர்ப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டான். பெண்மகவாகிய இவருக்கோ வீடே பாடசாலை, வீட்டாசிரியையே ஆசான். தோழியர் இல்லாத அவ்வீட்டிலே முயலும் எலியும் தவளையும் முள்ளெலியும் அவருக்குத் தோழராயின. அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தமையால், கண்டதைக் கண்டவாறே கூட்டாமலும் குறைக்காமலும் தீட்டும் ஆற்றல் அவர் கைக்கு இளமையிலேயே வாய்த்தது.

ஆண்டுதோறும் கோடையில் குடும்பத்தார் லண்டனை நீங்கிச் சிற்றூர்களில் தங்குவர். சிறுமிப் பருவத்துக் கோடைகள் ஸ்கொட்லாந்தின் பேத்ஷயரிலே, டல்கைஸ் என்னும் இடத்திற் கழிந்தன. அங்கே நாள்தோறும் கால்நடையாகக் கடிதங் கொண்டுவந்த தபாற்காரர் சாள்ஸ் மக்கின்ரொஷ் என்பவர். மரமரியும் ஆலையிலே ஒரு கையின் விரல்களை இழந்தவர், கூச்ச இயல்பினர், பட்டமோ பதவியோ இல்லாதவர். ஆயினும் கடிதப்பை தோளிலே தொங்க மலையும் காடும் புல்வெளியும் நடந்த அந்த நடையினிடையே, பாசிகளையும் பன்னங்களையும் காளான்களையும் ஆராய்ந்து, பிரித்தானியாவிலே அதுவரை அறியப்படாத இனங்கள் சிலவற்றையும் கண்டறிந்தார். அவ்வாராய்ச்சிக்கு அவருக்குக் கூலி கொடுத்தார் எவருமிலர்; அவரைப் பணித்தாரும் எவருமிலர்.

1892 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்திலே, இருபத்தாறு வயதினராகிய பொட்டர் அம்மையார் தம் காளான் ஓவியங்களை இம்மனிதருக்குக் காட்டினார். பெருஞ்செல்வர் மகளும் தபாற்காரரும் ஒரு மேசையின் இருபுறத்திலும் இருந்து காளானைப் பற்றி உரையாடிய காட்சியை நினைக்குந்தோறும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகின்றது. அங்கே குலமுமில்லை, செல்வமுமில்லை. காணும் ஆவல் ஒன்றே இருவரையும் ஒருநிலையில் வைத்தது. காளானைப் பிளந்து உள்வெட்டு முகத்தையும் வரைதல் வேண்டும்; குடையின் அடியிலுள்ள மடல்கள் தண்டோடு எவ்வாறு பொருந்துகின்றன என்பதைக் காட்டுதல் வேண்டும் என்றெல்லாம் தபாற்காரர் அறிவுரை கூறினார். அதன்பின் குளிர்காலத்திலே அவர் காளான்களைப் பொதிசெய்து தபாலில் லண்டனுக்கு அனுப்புவார்; அம்மையார் ஒவ்வொன்றையும் இருமுறை வரைந்து, ஒரு படியைத் தாம் வைத்துக்கொண்டு மற்றைய படியை அவருக்கு அனுப்புவார். அழியும் பொருளைக் கொடுத்து அழியாப் பொருளைப் பெறுகின்ற வாணிகம் அது.

1893 ஆம் ஆண்டுக் கோடையிலே டங்கெல்ட் என்னும் ஊரிலே தங்கியிருந்தபோதும் அவர் காளான் வரைவதை விட்டாரில்லை. அவ்வூரிலிருந்தே செப்டெம்பர் 4 ஆந் திகதி, நோயுற்றிருந்த நோயல் என்னும் சிறுவனுக்கு ஒரு படக்கடிதம் எழுதினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற முயற்கதை அக்கடிதத்திலேதான் பிறந்தது.

அவர் தீட்டிய இனங்களிலே, காட்டுமரங்களின் அடியில் வளர்வனவும் உண்டு, பழம்புல்வெளியில் வளர்வனவும் உண்டு. பின்னையவற்றுள் ஒரு குலத்தை ஆங்கிலேயர் மெழுகுத்தொப்பி என்பர். மெழுகு பூசியதுபோல மினுங்குங் குடையுடைமையால் வந்த காரணப்பெயர் அது. செம்மை, மஞ்சள், பச்சை, வெண்மை, இளஞ்சிவப்பு எனப் பலநிறங் கொண்டு, இலையுதிர்காலத்திலே சில கிழமைகள் மாத்திரம் புல்லிடையே மணி சிதறினாற்போலத் தோன்றி மறைவன அவை. ஏனைய நாளெல்லாம் அவற்றின் உயிர் மண்ணுக்குள்ளே நூலினும் நுண்ணிய இழைகளாய் ஒளிந்திருக்கும். செந்நிற மெழுகுத்தொப்பியின் வித்திகள் உண்டாகும் நுண்ணுறுப்பை அம்மையார் 1897 ஆம் ஆண்டிலே நுணுக்குக்காட்டியின் வழியே நோக்கி வரைந்த படம் இன்றும் உள்ளது.

வரைதலோடு அமையாது, காளானின் வித்தி எவ்வாறு முளைக்கின்றது என்னும் வினா அவரை ஆட்கொண்டது. வீட்டு அடுக்களையே ஆய்வுகூடமாக, கண்ணாடித் தகடுகளிலே வித்திகளை முளைக்கவைத்து, அறுநூறு மடங்கு பெருக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியினால் நோக்கிப் படங்களாக வரைந்தார். வேதியியலறிஞராகிய மாமனார் சேர் ஹென்றி றொஸ்கோ அவரை 1896 ஆம் ஆண்டிலே கியூ தாவரவியற் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். பூங்காவின் தலைவர் திசில்ரன் டையர், பட்டம் பெறாத ஒரு பெண்ணின் ஆராய்ச்சிக்குச் செவிசாய்த்தாரல்லர். எனினும் அங்கே பணிபுரிந்த ஜோர்ஜ் மசீ என்பார் பின்னர் அவருக்கு உதவினார். 1897 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி, வித்திகளின் முளைத்தல் பற்றி அம்மையார் எழுதிய கட்டுரை லண்டன் லினேயன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. வைத்தவர் மசீ. எழுதியவர் ஆங்கே இல்லை. ஏனெனில், பெண்டிர் அச்சங்கத்தில் உறுப்பினராதலும் கூட்டத்திற் புகுதலும் அந்நாளில் இயலாதன. மேலும் ஆராய வேண்டியுளது என்னும் நிலையிலே அம்மையார் கட்டுரையை மீளப் பெற்றுக்கொண்டார். அஃது அச்சேறவில்லை. இன்று அதன் கையெழுத்துப் படியும் கிடைக்கவில்லை.

இவ்விடத்து ஒன்று கூறல் வேண்டும். அவரை ஒப்பாரும் மிக்காரும் இல்லாத அறிஞரென்று புனைந்துரைத்தல் என் கருத்தன்று. ஜேர்மனி தேசத்திலே பிறெவெல்ற் என்னும் அறிஞர் இத்துறையில் முன்னரே ஆழ உழைத்திருந்தார். அம்மையார் சொன்னது முற்றும் புதிதா என்பதன்று என் வினா. கையிலே ஓவியத்தோடு வாயிலில் வந்து நின்ற ஒருவரின் ஓவியத்தைப் பொறுமையோடு பார்க்க ஏன் மனம் வரவில்லை என்பதே வினா. கல்விச் செருக்கு கண்ணை மறைக்கும்போது, இழப்பு வந்தவருக்கு மாத்திரமன்று. வாயிலை அடைத்தவருக்குமே உண்டு. இவ்வரிகளை எழுதும்போது வாழையிலைத் துண்டு ஒன்று என் கண்முன் தோன்றுகின்றது.

அம்மையார் காளானை விட்டு முயலுக்குத் திரும்பினார். பதிப்பாளர் பலர் மறுத்த கதையை 1901 ஆம் ஆண்டிலே தம் செலவில் 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டு வோண் நிறுவனத்தார் அதனை வெளியிடவே, புகழும் பொருளும் பெருகின. 1905 ஆம் ஆண்டு அப்பதிப்பகத்து நோர்மன் வோண் என்பாரை மணக்க இசைந்தார். மணம் நிகழுமுன்னே, ஒரு மாதத்தளவில், அவர் நோயால் இறந்தார். அத்துயரை நெஞ்சிலே தாங்கியவாறே அவ்வாண்டே வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிநாட்டிலே ஹில் ரொப் என்னும் பண்ணையை வாங்கினார். 1913 இல் அந்நாட்டு வழக்கறிஞர் வில்லியம் ஹீலிசை மணந்து, எஞ்சிய வாழ்நாளை ஓர் உழவர்குல மாதாகவே கழித்தார். கதைகளால் வந்த பொருளையெல்லாம் நிலமாக மாற்றினார். மலைச்சாரற் பண்ணைகள் துண்டுதுண்டாக விற்கப்பட்டு மாளிகைகளாய் மாறாதபடி ஒவ்வொன்றாக வாங்கினார். அம்மலைக்கே உரிய ஹேட்விக் செம்மறியைப் பேணி வளர்த்தார். 1943 ஆம் ஆண்டு டிசெம்பர் 22 ஆந் திகதி அவர் மறைந்தபோது, 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் நஷனல் ட்ரஸ்ற் என்னும் பொதுக்காப்பு நிதியத்துக்குச் சேர்ந்தது. மலைப் பண்ணைகளில் ஹேட்விக் மந்தைகள் தொடர்ந்து மேயவேண்டும் என்பதும் அவர் மரணசாசனத்தின் விதி.

அவர் வாழ்வின் முற்பகுதியும் பிற்பகுதியும் தம்முள் தொடர்பற்றன போலத் தோன்றும். எனக்கோ அவை ஒன்றாகவே தெரிகின்றன. மெழுகுத்தொப்பிக்கு வேண்டியது யாது? உழப்படாத நிலம், செயற்கை உரம் இடப்படாத மெலிந்த மண், மந்தை மேய்ந்து குறுகிய புல். ஒருமுறை உழுது உரமிட்டால் மண்ணுள் வாழும் இழைகள் அழிந்துபடும். மீண்டு வருதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். புல்வெளியை மாற்றி மரம் நடுவதும் அவற்றுக்குக் கேடே. அம்மையார் காளானை எண்ணித்தான் நிலத்தை வாங்கினார் என்று நான் சொல்லேன். ஆயினும் இளமையிலே அவர் வரைந்த உயிர்களுக்கு எத்தகைய நிலம் உறைவிடமோ, அத்தகைய நிலத்தையே முதுமையிலே அவர் காத்துக் கொடுத்தார்.

ஐரோப்பாவிலே அத்தகைய பழம்புல்வெளிகள் அருகிவிட்டமையால், இன்று இளஞ்சிவப்பு மெழுகுத்தொப்பி முதலியன அழியும் அபாயத்துக்குள்ளானவை என எண்ணப்படுகின்றன. எங்கே எஞ்சியுள்ளன என்று அறிந்தாலன்றிக் காத்தல் இயலாது. சில கிழமைகளே தோன்றுவனவற்றைச் சில அறிஞர் மாத்திரம் நாடெங்கும் தேடிக் காணுதலும் இயலாது. ஆகவே பிரித்தானியாவிலே இலையுதிர்காலந்தோறும் பொதுமக்கள் தாமே முன்வந்து மேய்ச்சல் நிலங்களிலும் கோயில் முற்றங்களிலும் சுடலைப் புற்றரைகளிலும் நடந்து, கண்ட நிறம், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து அனுப்புகின்றனர். இனம் அறியாதார் நிறத்தை மட்டுங் குறித்தாலும் பயனுண்டு. எத்தனை நிறம் தோன்றிற்றென்பதே அப்புல்வெளியின் சிறப்புக்கு முதற்சான்றாகும். மக்கின்ரொஷின் நடை இன்று பலர் நடையாயிற்று.

அம்மையாரின் ஓவியங்கள் வீண்போகவில்லை. நூற்றுக்கணக்கானவை அம்பிள்சைட் ஊரின் ஆமிற் நூலகத்திலே பேணப்படுகின்றன. தபாற்காரருக்கு அளித்தவற்றுட் பல பேத் நகரத்து அரும்பொருளகத்திலே உள்ளன. 1967 ஆம் ஆண்டிலே பின்ட்லே என்னும் காளானியலறிஞர் தாம் எழுதிய நூலுக்கு இவர் ஓவியங்களில் 59 ஐ எடுத்தாண்டார். வரைந்து எழுபதாண்டு கழிந்த பின்னரும், காளானைக் கண்டு இனந்தெளிய அவை உதவின. அவர் கட்டுரை வைக்கப்பட்டு நூறாண்டு நிறைந்த 1997 இல், அவரைத் தகாதவாறு நடத்தியமையை லினேயன் சங்கத்தாரும் ஒப்புக்கொண்டனர். பெருந்தன்மையே, ஆனால் கேட்க வேண்டியவர் அந்நாளில் இல்லை.

நூறாண்டு காத்திருக்க எனக்கு மனமில்லை. வரலாற்றைப் படித்து முடித்த மறுநாளே அம்மாணவியை அழைத்து, அவள் கொப்பியைக் கேட்டு வாங்கினேன். பதினொரு காளான்கள், ஒவ்வொன்றுக்கும் நாள், முளைத்த இடம், நிறம், மணம், குடையின் அகலம். குடையின் அடிப்புறத்தையும் அவள் தனியே வரைந்திருந்தாள். அவள் வினாவுக்கு விடை எனக்குத் தெரியாதென்று அன்றுதான் சொன்னேன். அடுத்த மாரியிலே, மூன்று குடைகளை வெட்டிக் காகிதத்தின்மேற் கவிழ்த்துக் கிண்ணத்தால் மூடி ஓரிரவு வைத்தோம். காலையிலே காகிதத்தில் வித்திகள் உதிர்ந்து பதிந்திருந்தன. இரண்டின் பதிவு வெண்மை. ஒன்றின் பதிவு கருமை கலந்த கபிலம். எல்லாம் ஓரினமல்ல என்பது தெளிவாயிற்று. மற்றைய இரண்டும் ஒன்றா, வேறா என்பதை இன்னும் நாங்கள் அறியோம். கொப்பியிலே அவ்விடத்தை அவள் வெறுமையாக விட்டு வைத்திருக்கின்றாள்.