இடக்கையால் ஏற்றம் பெற்ற மிருதங்கச் செல்வர்

காரைக்குடியைச் சூழ்ந்து விளங்கும் செட்டிநாடு வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் அங்கே வயல் வறளும். ஆயினும் கலை வறண்டதில்லை. பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளுக்குக் கடல் கடந்து சென்று வாணிகம் புரிந்த நகரத்தார், தாம் ஈட்டிய பொருளைக் கோயில் திருப்பணிக்கும் கல்விக்கும் இசைக்கும் வாரி வழங்கினர். அவர்தம் இல்லத் திருமணங்களிலும் ஊர்த் திருவிழாக்களிலும் தமிழகத்தின் தலைசிறந்த இசைவாணர்கள் பாடினர். காரைக்குடியை அடுத்துள்ள அரியக்குடி, இராமாநுச ஐயங்கார் (1890–1967) என்னும் பெரும்பாடகரை இசையுலகிற்கு ஈந்தது. செட்டிநாட்டிற்கு வடக்கே அமைந்த புதுக்கோட்டைச் சீமையோ தாளக் கருவிகளுக்குப் புகழ் பெற்றது. 1948-ஆம் ஆண்டு வரை தனியரசாய் இருந்த அச்சீமையில் தோன்றிய இலய மரபு, ‘புதுக்கோட்டைப் பாணி’ என்று இன்றும் வழங்குகிறது. அம்மரபின் மூன்றாம் தலைமுறையில் ஒளிவிட்டவரே பழனி சுப்பிரமணிய பிள்ளை.

அவரை அறியுமுன் அவருக்கு முன்னிருந்த இருவரை அறிதல் வேண்டும். முதல்வர் மான்பூண்டியா பிள்ளை. இவர் விளக்கேந்தும் எளிய பணியில் வாழ்வைத் தொடங்கியவர். மாரியப்பத் தவில்காரரிடம் இலய நுட்பங்களைக் கற்று, சிறு பறை போன்ற கஞ்சிராவைக் கையிலேந்தி, அதனைக் கச்சேரி மேடைக்கு உரிய கருவியாக உயர்த்தினார். இரண்டாமவர் அவருடைய மாணாக்கராகிய தட்சிணாமூர்த்தி பிள்ளை. அரண்மனைக் காவற்பணியில் இருந்த இவர், ஆசிரியரை அடைந்தபின் மிருதங்கம், கஞ்சிரா ஆகிய இரண்டிலும் இணையற்றவரானார். விளக்கேந்திய கையும் வேலேந்தித் தொண்டு புரியத்தக்க கையும் தாளம் ஏந்தியபோது உலகம் அவற்றை வணங்கிற்று. பிறப்பும் தொழிலும் கலைக்கு எல்லை ஆகா என்பதே அம்மரபு தன் தொடக்கத்திலேயே காட்டிய உண்மையாகும்.

சுப்பிரமணிய பிள்ளை 1908-ஆம் ஆண்டு முருகன் எழுந்தருளியுள்ள பழனியம்பதியிலே பிறந்தார். அவருடைய தந்தையார் முத்தையா பிள்ளையும் மான்பூண்டியா பிள்ளையின் மாணாக்கரே. ஆதலின் தாளம் என்பது அவ்வீட்டில் மூச்சுப்போல் நிலவிற்று. நடை பயிலும் பருவத்தே பிள்ளைகள் கேட்கும் தாலாட்டோடு சொற்கட்டுகளையும் கேட்டு வளரும் பேறு அவருக்கு வாய்த்தது. ஆனால் அப்பேற்றோடு ஓர் இடையூறும் உடன் வந்தது. அவர் இயல்பிலேயே இடக்கைப் பழக்கம் உடையவர்.

இடக்கையால் எழுதுவோரும் உண்பதற்கு இடக்கையை நீட்டுவோரும் அக்காலத்தில் கண்டிக்கப்பட்டனர். இசைக் கருவி வாசிப்பவர்க்கோ அத்துடன் வேறொரு தொல்லையும் உண்டு. அதனை உணர மிருதங்கத்தின் அமைப்பை அறிய வேண்டும்.

மிருதங்கம் பெரும்பாலும் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. அதன் ஒரு முகம் வலந்தலை. மற்றொரு முகம் தொப்பி எனப்படும் இடந்தலை. வலந்தலையின் நடுவே கல்லைப் பொடித்துச் சோற்றுடன் குழைத்துப் படிப்படியாக அப்பிய கருமையான வட்டம் இருக்கும். சுருதியோடு இயைந்து கணீரென ஒலிப்பது இம்முகமே. தொப்பியில் வாசிப்பதற்குச் சற்று முன் ரவையை நீரில் பிசைந்து ஒட்டுவர். அதனால் அம்முகம் ஆழ்ந்து முழங்கும். வலக்கை வலந்தலையிலும் இடக்கை தொப்பியிலும் பயில்வது வழக்கம். பாடகருக்கு வலப்புறத்தே மிருதங்கக்காரர் அவரை நோக்கி அமர்வார். அப்பொழுது வலந்தலை அவையோரை நோக்கியிருக்கும். அதன் இனிய ஒலி தடையின்றிச் சென்று அவர்கள் செவியிற் பாயும்.

இடக்கையர் வாசிக்கும்போது இம்முறை தலைகீழாகிறது. அவர் வலந்தலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொள்வர். வழக்கமான இடத்தில் அமர்ந்தால் அம்முகம் மேடையின் பின்சுவரை நோக்கிவிடும். தொப்பியே அவையோரை நோக்கும். இதனைத் தவிர்க்க அவர் பாடகருக்கு இடப்புறத்தே அமர வேண்டும். அவ்விடமோ வயலின் வித்துவானுக்கு உரியது. அவர் தம் இடத்தை விட்டு எழுந்து மறுபுறம் செல்ல உடன்பட்டாலன்றி இடக்கையருக்கு மேடையில் இடமில்லை. நெடுநாளைய பழக்கத்தையும் மேடை மதிப்பையும் விட்டுக்கொடுக்க எல்லோரும் முன்வருவார்களோ? ஒரு மனிதருடைய திறமைக்கும் அவர் பெறவேண்டிய புகழுக்கும் இடையே, முழம் இரண்டு அகலமுள்ள இருக்கை ஒன்று மதிலாய் எழுந்து நின்றது.

கையை மாற்றிப் பயிலுதலும் எளிதன்று. இயற்கை வன்மை தந்த கையை விடுத்து மற்றொரு கையைப் பழக்கினால் நாதத்தின் உயிர் குன்றும். சுப்பிரமணிய பிள்ளை தம் இயல்பைத் துறந்தாரல்லர். தம் இடக்கையே வலந்தலையில் தவம் செய்யட்டும் எனத் துணிந்தார். மேடை கிடைப்பினும் கிடையாவிடினும் பயிற்சி தம் கையில் உள்ளது என உணர்ந்தவராய் உழைத்தார். தந்தையாரிடம் பெற்ற பயிற்சியைத் தட்சிணாமூர்த்தி பிள்ளையின் வழிகாட்டுதலால் மேலும் வளம்பெறச் செய்தார். வாயாற் சொற்கட்டைச் சொல்லி, கையால் தாளமிட்டு, மனத்தால் கணக்கை அளந்து, பின்னரே கருவியைத் தொடுவது அம்மரபின் முறை. தவிலிலிருந்து கிளைத்த மரபாதலின் சொற்களின் தெளிவும் கணக்கின் கட்டுக்கோப்பும் அதில் மேலோங்கி நின்றன. அவையனைத்தும் சுப்பிரமணிய பிள்ளையிடம் வந்து சேர்ந்தன.

வித்தை நிரம்பிய பின்னும் வாய்ப்புகள் அரிதாகவே இருந்தன. இந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974). கணீரென்ற குரலும் கள்ளமற்ற உள்ளமும் வாய்ந்த அப்பெரியார், இளைஞர் எவரிடம் திறமை கண்டாலும் அவரைத் தம் மேடையிலேற்றி ஊக்கும் இயல்பினர். சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பைச் செவியால் அளந்தாரேயன்றி அவர் எக்கையால் வாசிக்கிறார் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. தம் கச்சேரியில் வயலின் வித்துவானை இடம் மாறி அமரச் செய்து, இடக்கை மிருதங்கத்திற்குரிய இடத்தை வழங்கினார். ஒருவர் மேடையில் ஒருமுறை உடைந்த வழக்கம் பிறர் மேடையில் நெடுநாள் நிற்குமோ? மெல்ல மெல்லக் கதவுகள் திறந்தன. வலியவர் ஒருவர் நீதியின் பக்கம் நின்றால் எளியவர் பலருக்கு வழி பிறக்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

ஆயினும் எல்லா மேடையிலும் மிருதங்கம் வாசிக்கும் வாய்ப்பை அவர் உடனே பெற்றுவிடவில்லை. அத்தகைய நாட்களில் அவர் சோர்ந்து வீட்டில் அமரவில்லை, கஞ்சிராவைக் கையிலெடுத்தார். கஞ்சிரா என்பது ஒரு சாணளவே அகலமுள்ள மரவளையத்தின் ஒரு புறத்தில் தோலைப் போர்த்தி, மறுபுறத்தைத் திறந்துவிட்ட சிறு கருவி. வளையத்தின் ஒரு துளையில் சிறு உலோக வில்லைகள் கோத்திருக்கும். முற்காலத்தில் அதற்கு உடும்பின் தோலையே பயன்படுத்தினர்; 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பிற தோல்களும் செயற்கைத் தோலும் அவ்விடத்தை ஏற்று வருகின்றன. தோலின் உட்புறத்தை நீரால் நனைத்து ஒலியைத் தாழ்த்துவர். காயக் காய ஒலி ஏறும். ஒரு கை கருவியைத் தாங்க, ஒரு கையே அத்தனை சொற்களையும் பேச வேண்டும். இதனை வாசிப்பவர்க்கு இடம் வலம் என்னும் வழக்கு இல்லை. ஆதலால் இருக்கை மறுக்கப்பட்டவருக்குக் கஞ்சிரா மேடை தந்தது.

அவ்வாறு அவர் கஞ்சிரா ஏந்திய கச்சேரிகள் பலவற்றில் மிருதங்கம் வாசித்தவர் பாலக்காடு மணி ஐயர் (1912–1981). மணி ஐயரோ தஞ்சாவூர் மரபில் வந்தவர், வயதிலும் இளையவர். மிருதங்கத்தில் வல்லவரான ஒருவர், தம்மினும் இளைய மிருதங்கக்காரருக்கு அடுத்த வரிசையில் சிறு கருவியுடன் அமர்வதைச் சிறுமையென எண்ணலாம். சுப்பிரமணிய பிள்ளை அவ்வாறு எண்ணவில்லை. அவருடைய ஆசிரியர் மரபே கஞ்சிராவிலிருந்து எழுந்ததன்றோ! இரு மரபுகளும் ஒரே மேடையில் ஒன்றையொன்று தூண்டின. தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் பகையாமல் உரையாடின. கேட்டோர் பெற்ற இன்பம் அளவிடற்கரியது.

காலப்போக்கில் மிருதங்கத்திலேயே அவர் முதல்வரிசையை அடைந்தார். அரியக்குடி இராமாநுச ஐயங்கார், ஆலத்தூர் சகோதரர், ஜி. என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர் முதலிய பெரும்பாடகர்கள் அவருடைய பக்கவாத்தியத்தை விரும்பினர். ஒவ்வொருவர் பாட்டும் ஒவ்வொரு நடையுடையது. ஆலத்தூர் சகோதரர் தாளச் சிக்கல்களில் ஆழ்ந்து விளையாடுவர். பாலசுப்பிரமணியம் மின்னல் வேகத்தில் சுரங்களைப் பொழிவார். மதுரை மணி ஐயர் குழைந்து குழைந்து பாடுவார். அனைவர்க்கும் ஒரே வாசிப்பை அளிப்பவன் தொழிலாளி. அவரவர் பாட்டறிந்து வாசிப்பவனே கலைஞன். சுப்பிரமணிய பிள்ளை இரண்டாம் வகையினர். வலந்தலையில் அவர் எழுப்பிய சாப்பின் தெளிவும் தொப்பியில் எழுப்பிய கும்காரத்தின் இனிமையும் பெரிதும் போற்றப்பட்டன. காலப் பிரமாணம் அவர் கையில் தளர்ந்ததில்லை, விரைந்ததும் இல்லை. பாட்டின் பொருள் சிறக்கும் இடத்தில் சொற்களைக் குறைத்து, ஒலியின்மையையும் ஓர் அணியாக்கினார். தனியாவர்த்தனத்திலோ நுண்ணிய கணக்குகளைக் கேட்போர் மலைக்காதவாறு அழகுற அடுக்கிக் கோவையில் முடிப்பார்.

மிருதங்கக் கலைஞரின் வாழ்வு பெரும்பகுதி பயணத்தில் கழிவது. இன்று ஓரூரில் திருமணக் கச்சேரி. நாளை வேறோர் ஊரில் கோயில் விழா. புகைவண்டியிலும் மாட்டு வண்டியிலும் கருவியைக் குழந்தைபோற் காத்துச் செல்ல வேண்டும். மழைக்காலத்து ஈரத்தில் தோல் தளரும். வெயிலில் வார் இறுகும். பாடகர் குரலுக்குத் தக்கபடி சுருதி மாறுமாதலின் உயரம் வேறுபட்ட மிருதங்கங்கள் தேவைப்படும். மேடையேறுமுன் கல்லாலும் கட்டையாலும் விளிம்பைத் தட்டிச் சுருதி கூட்டுதல் தனிக் கலையாகும். இவற்றோடு, கருவியைப் பதப்படுத்தித் தரும் தொழிலாளரின் உழைப்பையும் சேர்த்தால்தான் அவையில் ஒலிக்கும் ஒரு சாப்பு முழுமையுறும். பாடகரின் பெயரே அவையோர் நினைவில் முதலில் நிற்பினும், பக்கத்தில் அமர்ந்தவர் தாங்காவிடில் அப்பாட்டு நில்லாது. தாங்கிநிற்றலே பெருமை என்று கருதும் உள்ளம் இக்கலைக்கு இன்றியமையாதது.

1962-ஆம் ஆண்டில் சுப்பிரமணிய பிள்ளை தம் 54-ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். நெடுநாள் வாழ்ந்திலர், எனினும் அவர் வித்தை அவரோடு மறையவில்லை. அவர்தம் மாணாக்கருள் திருச்சி சங்கரன் குறிப்பிடத்தக்கவர். அவர் 1971-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரன்டோ நகரிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்று, புதுக்கோட்டைச் சொற்கட்டுகளை வேற்று மொழி மாணவர் நாவிலும் பயிலச் செய்தார். விளக்கேந்திய ஒருவரிடம் தொடங்கிய மரபு கடல் கடந்து சென்ற வரலாறு இது.

வழக்கம் என்பது முன்னோர் பலர் நடந்து தேய்த்த பாதை. அது பெரும்பாலோர்க்கு நன்மை பயக்கும். ஆனால் அப்பாதையில் செல்ல இயலாத ஒருவரை வழியற்றவராக்குமாயின் அதனைச் சற்று அகலப்படுத்துதல் அறிவுடையோர் கடன். செம்பை பாகவதர் அதனைச் செய்தார். பாதை திறக்கும்வரை ஆற்றலை இழவாமல் காத்திருப்பது திறமையுடையோர் கடன். சுப்பிரமணிய பிள்ளை அதனைச் செய்தார். இவ்விருவருள் ஒருவர் தவறியிருப்பினும் தமிழ்நாடு ஓர் இனிய நாதத்தை இழந்திருக்கும். கை இடமாயினும் வலமாயினும் உழைப்பினாலேயே அது உயர்வு பெறும் என்பதை அவர் மிருதங்கம் உலகிற்கு உணர்த்திற்று.